சிலேட்டுக் கல்லில் திராட்சை, மயில்துத்தத்துக்கு ஒரு கணக்கு

சிலேட்டில் எழுதிப் படித்த தலைமுறை நான். அந்தக் கல்லிலேயே திராட்சை விளையும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். போன ஜூன் மாதம் நேரிலேயே பார்த்துவிட்டேன்.

மகள் ஜெர்மனியில் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது, "அப்பா, ரோமர் காலத்துக் கோட்டை வாசலெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம். உங்களுக்குன்னு ஒரு இயற்கைத் திராட்சைத் தோட்டம் பேசி வச்சிருக்கேன்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

எனக்கும் திராட்சைதான் பிழைப்பு. கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல். ரசாயனத்தை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் அடிச்சாம்பல் நோய் விழுந்து பாதிக் குலைகள் காய்ந்து கொட்டின. பழையபடி மருந்துக் கடைக்கே போய்விடலாமா என்ற யோசனையோடுதான் விமானம் ஏறினேன்.

குளிர் நாட்டில் வெயில் பிடிக்கிறார்கள்

பிரான்ஸ் மலையில் பிறந்து, லக்சம்பர்க் எல்லையைத் தொட்டு, ஜெர்மனிக்குள் வளைந்து வளைந்து ஓடி ரைன் நதியில் கலக்கிறது மோசல் ஆறு. ஏறக்குறைய 50 டிகிரி வடக்கு. திராட்சை பழுக்க வெயில் போதாத ஊர். ஆனாலும் ரோமர் காலத்திலிருந்து அங்கே திராட்சை இருக்கிறது.

எப்படி முடிகிறது? முதலாவது, சரிவு. தெற்கு பார்த்த மலைச்சரிவில் சாய்ந்து வரும் வெயில் நேராக விழுகிறது. பிரெம் என்ற ஊர்ப்பக்கம் கால்மோன்ட் சரிவு 65 டிகிரி வரை செங்குத்து என்கிறார்கள். கீழேயிருந்து பார்த்தாலே தலை சுற்றுகிறது. இரண்டாவது, கல். மண் என்று சொல்ல அதிகம் இல்லை, உடைந்த சிலேட்டுச் சில்லுகள்தான். பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. நாம் போடும் மூடாக்குபோல ஈரத்தையும் காக்கின்றன. மூன்றாவது, ஆறு. வெளிச்சத்தைச் சரிவின் மேல் திருப்பி அடிக்கிறது, கடுங்குளிரையும் கொஞ்சம் தணிக்கிறது.

பழைய சரிவுகளில் பந்தல் கிடையாது. ஒரு கொடிக்கு ஒரு கம்பு. இரண்டு கிளையை வளைத்து இதய வடிவில் கட்டிவிடுகிறார்கள். டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து போகும் குட்டி வண்டியில் ஆளும் கூடையும் போகிறார்கள். மற்ற எல்லாம் கைவேலை. வேலைக்கு ஆள் கிடைக்காமல் சரிவுகளைத் தரிசாக விட்டவர்களும் உண்டு. அதைக் கேட்டதும் நம்ம ஊர் ஞாபகம் வந்தது.

நம் பக்கம் கவாத்து அடித்து நாலு மாதத்தில் அறுப்பு, இரண்டு வருஷத்தில் ஐந்து அறுப்பு எடுக்கிறோம். அவர்களுக்கு வருஷத்துக்கு ஒன்றுதான். ஏப்ரலில் துளிர், ஜூனில் பூ, செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் முழுக்க அறுப்பு. மே மாத நடுவில் வரும் 'பனிப் புனிதர்கள்' நாட்கள் தாண்டும்வரை துளிர் பனியில் கருகுமோ என்ற பயம் இருக்கும். 2024 ஏப்ரல் கடைசியில் அப்படித்தான் ஒரு பனி விழுந்து, மோசலிலும் அதன் கிளையாறுகளான சார், ரூவர் பக்கமும் பலருக்கு அந்த வருஷ விளைச்சலே போனது.

அங்கே பாதிக்கு மேல் ரீஸ்லிங் என்ற ஒரே ரகம். குளிரில் மெதுவாகப் பழுப்பதால் இனிப்பு ஏறினாலும் புளிப்பு இறங்குவதில்லை. அதுதான் அந்த ஒயினின் பெயருக்குக் காரணம். நான் குடிப்பவன் இல்லை. தோட்டக்கார அம்மா ஊற்றிக் கொடுத்ததை முகர்ந்து, நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன். பச்சை ஆப்பிள் வாசம், எலுமிச்சைப் புளிப்பு.

குளிரும் இப்போது மாறி வருகிறது. கொடியிலேயே உறைந்த பழத்தைப் பறித்து 'ஐஸ் ஒயின்' செய்வார்கள். அதற்கு மைனஸ் 7 டிகிரி குளிராவது வேண்டும். 2019-20 குளிர்காலத்தில் ஜெர்மனி முழுக்கத் தேடியும் அந்தக் குளிர் அறுப்புக்குக் கிடைக்கவில்லை.

நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே

தோட்டக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மகனோடு சேர்ந்து இயற்கை வழியில் செய்கிறார். நாங்கள் போன அன்று கொடியெல்லாம் பூ. முந்தின ராத்திரி நல்ல மழை. அந்த அம்மா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"அடிச்சாம்பலா?" என்றேன். மகள் கேட்டுச் சொன்னாள்: "ஆமாப்பா. அவங்களுக்கும் அதான் எமனாம்."

அமெரிக்கக் கொடிகளோடு 1870-களில் ஐரோப்பாவுக்குள் வந்த நோய் அது. பிரான்சின் போர்டோ பக்கம், வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராததை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885-ல் அதை மருந்தாக வெளியிட்டார். நாம் கலக்கும் போர்டோ கலவை அதுதான்.

நான் பெருமையாகச் சொன்னேன்: "நானும் ரசாயனம் இல்ல, போர்டோ மட்டும்தான். போன வருஷம் எட்டு தடவை அடிச்சேன்." மகள் மொழிபெயர்த்ததும் அந்த அம்மா ஒரு நோட்டை எடுத்து வந்தார். "எட்டு தடவையில எத்தனை கிராம் செம்புன்னு கேக்குறாங்கப்பா."

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் வீட்டு மேசையிலேயே கணக்குப் போட்டோம். ஒரு சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தம். ஏக்கருக்கு 400 லிட்டர், ஆக 4 கிலோ. மயில்துத்தத்தில் கால் பங்கு செம்பு. ஒரு தடவைக்கு 1 கிலோ, எட்டு தடவைக்கு 8 கிலோ.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 7 வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ. சராசரியாக வருஷத்துக்கு ஏக்கருக்கு 1.6 கிலோ. நான் அதைப்போல ஐந்து மடங்கு கொட்டியிருக்கிறேன்!

செம்பு மக்காது. மேல்மண்ணிலேயே தங்கும், வருஷா வருஷம் கூடும். அளவு மீறினால் மண்புழுவும் நுண்ணுயிரும் குறையும். ஜீவாமிர்தம் ஊற்றி மண்ணை உயிர்ப்பிக்கிறேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தவன், மேலேயிருந்து செம்பை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர்களுக்கும் இது சுலபமில்லை. முன்பு துணைக்கிருந்த பாஸ்போனேட்டுக்கு 2013-க்குப் பிறகு இயற்கை விவசாயத்தில் அனுமதி இல்லை. 2016-ல் மழை விடாமல் பெய்ததில் இயற்கை வழித் தோட்டங்கள் பல பெரிய அடி வாங்கின. அந்த வருஷம் இவரும் விட்டுவிட நினைத்தாராம். "ஏன் விடலைன்னு கேளும்மா" என்றேன். "மண்புழு திரும்பி வர்றதுக்குப் பத்து வருஷம் ஆச்சு, அதை எப்படி விடறதுங்கிறாங்க."

அவர்கள் செய்வது இவை:

• துளிர் 10 சென்டிமீட்டர் நீளம், வெப்பம் 10 டிகிரிக்கு மேல், ஒரு நாளில் 10 மில்லிமீட்டர் மழை. இந்த மூன்று பத்தும் சேர்ந்தால் முதல் தொற்று வரலாம் என்று கணக்கு. பஞ்சாங்கம்போல நாள் குறித்து அடிப்பதில்லை.
• அடிப்பது மழைக்கு முன்னால். நோய் உள்ளே போனபின் செம்பு அதைக் கொல்லாது.
• ஒரு தடவைக்கு ஹெக்டேருக்குச் சில நூறு கிராம் செம்புதான். சில தடவை அதற்குப் பதில் அமிலக் களிமண் தூள்.
• குலையைச் சுற்றி இலை கிள்ளிக் காற்றோட்டம் விடுகிறார்கள். பனியீரம் சீக்கிரம் காய்கிறது.
• ஒரு துண்டு நிலத்தில் நோய் தாங்கும் ரகங்கள். 1967-ல் ஜெர்மனியில் உருவாக்கிய ரீஜென்ட் அதில் ஒன்று. மருந்து வெகுவாகக் குறைகிறதாம். ஆனால் வாங்குபவர் ரீஸ்லிங்தான் கேட்கிறார். நமக்குப் பன்னீர் மாதிரி.

ஊர் திரும்பியபின்

ஆடி மாதத்திலிருந்து நானும் நோட்டுப் போட்டேன். அரை சதவீதக் கலவை, ஏக்கருக்கு 300 லிட்டர். ஒரு தடவைக்கு 375 கிராம் செம்பு. பந்தலில் அடர்ந்த கொப்புகளை விலக்கி, கீழே தரையில் வெயில் புள்ளி விழுகிற அளவுக்கு இலை கிள்ளினோம். கூலி கூடியது உண்மை.

ஐப்பசி மழையை மூன்று அடியில் கடந்தேன். நோய் வராமலில்லை. தண்ணீர் தேங்கும் கிழக்கு மூலையில் நாலு வரிசை போய்விட்டது. மீதிப் பந்தல் நின்றது. பக்கத்துத் தோட்டக்கார அண்ணன், "இன்னும் ரெண்டு அடி போட்டிருந்தா அந்த நாலு வரிசையும் நின்னிருக்கும்ல?" என்று கேட்டார். நின்றிருக்கலாம். அவரிடம் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

நோட்டில் இப்போது ஏக்கருக்கு 1,125 கிராம் செலவு, 475 கிராம் மிச்சம். அடுத்த அறுப்பை அதற்குள் முடிக்க வேண்டும். கிழக்கு மூலைக்கு வடிகால் வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். போர்டோ அடிக்கும் உழவர்களே, போன வருஷம் எத்தனை கிலோ மயில்துத்தம் வாங்கினீர்கள் என்று பாருங்கள். நாலால் வகுங்கள், ஏக்கரால் வகுங்கள். வருகிற எண்ணை எங்கள் கம்பம் பக்கத்துக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், என்னுடையதையும் காட்டுகிறேன்.