தைராய்டுப் பரீட்சைச் சீட்டு

ஆம்பூர்ப் பாதரட்சைத் தொழிற்சாலைகளில் உழைக்கும் மாதர், சோர்வும் குளிர் பொறாமையும் மலச்சிக்கலும் உண்டானால் வேலைக் களைப்பென்றே எண்ணுவர். கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி குன்றினும் இவையே தோன்றும். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய வேலூர் வைத்தியசாலையில் இன்று இரத்தத்தைச் சோதித்தே இதனை அறியலாம்.

ஆயினும் சீட்டிலுள்ள டி.எஸ்.எச். என்னும் எண் அநேகரை மயக்குகின்றது. அது தைராய்டின் சுரப்பன்று. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி அதற்கு விடுக்கும் ஏவல். ஊழியன் மந்தமாயின் எஜமான் குரலை உயர்த்துவானன்றோ? பெரும்பாலும் சுரப்பி குன்றக் குன்ற இவ்வெண் ஏறும். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இயல்பென்பர். டி4 அளவையும் உடன் நோக்குதல் வேண்டும்.

எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவோர் உளர், இறங்கியதே மாத்திரையினாலன்றோ! அதனை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, காப்பிக்கு அரைமணியேனும் பொறுத்தல் நலம். கர்ப்பவதிகள் மாத்திரையை நிறுத்துதல் பின்னும் அபாயகரம். முதல் மாதங்களில் சிசு தாயின் சுரப்பையே நம்பியிருக்கின்றது.