பற்றாசு அறிந்து பற்றவைப்போம்

பழைய வானொலிப் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்திருக்கிறீர்களா? அங்கே வெள்ளிப் பொட்டுகள் போல் மின்னுபவை பற்றாசுத் துளிகள். ஒரு துளி விட்டுப்போனாலும் வானொலி ஊமையாகிவிடக்கூடும். அறிவியல் மன்றத்தில் சிறு மின்சுற்றுகள் செய்யும் நாம், கடைக்குச் செல்லுமுன் எந்தப் பற்றாசை வாங்குவது என்று அறிந்துகொள்வது நலம்.

பேச்சு வழக்கில் இரண்டு உலோகங்களை நாம் ‘ஈயம்’ என்றே அழைக்கிறோம். ஒன்று வெள்ளீயம்; மற்றது காரீயம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலும், காரீயம் 327 டிகிரியிலும் உருகும். ஆனால் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தாலோ 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. என்ன விந்தை! ஆறும்போதும் அது சட்டென்று இறுகிவிடும். கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் 60–40 கலவை சற்று நேரம் கூழ்போல் நின்ற பின்பே இறுகும். அந்நேரம் கம்பி அசைந்தால் இணைப்பு பலவீனமாகும். ஆகவே கை பழகாதவர்க்கு 63–37 எளிது. பற்றாசுக் கம்பியின் பருமன் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் போதும்.

பற்றாசு மட்டும் இருந்தால் ஆயிற்றா? இல்லை. தாமிரம் சூடேறும்போது அதன்மேல் ஆக்ஸைடு படலம் படிகிறது. அப்படலத்தின்மேல் பற்றாசு, தாமரை இலைத் தண்ணீர்போல் ஒட்டாமல் உருளும். படலத்தை நீக்க உதவும் பொருளே இளக்கி. பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுபவர் நவச்சாரத் தூளைத் தூவித் தேய்ப்பது இதற்காகத்தான். எனினும் நவச்சாரமும், தகர வேலைக்குரிய துத்தநாகக் குளோரைடும் மின்சுற்றுக்கு ஆகா. பாத்திரத்தை நன்கு கழுவிவிடலாம். மெல்லிய கம்பிகளின் இடுக்கில் தங்கிய உப்பை என் செய்வது? அது ஈரத்தை இழுத்து, நாளடைவில் தாமிரத்தை அரித்துவிடும்.

நமக்கு உகந்தது ரோசின் என்னும் பைன் மரப் பிசின். அது சூட்டில் தன் வேலையைச் செய்து, ஆறியபின் கண்ணாடிபோல் உறைந்து அடங்கிவிடும். நடுவில் ரோசின் நிரப்பிய பற்றாசுக் கம்பியையே கேட்டு வாங்குவோம்.

காரீயம் நஞ்சு என்பதை மறவாதிருப்போம். புதிய மின்னணுப் பொருள்களில் அதன் அளவை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் கட்டுப்படுத்தியது. இந்தியாவிலும் 2011-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் அதற்கு வரம்பு கட்டின. 99.3 பங்கு வெள்ளீயமும் 0.7 பங்கு தாமிரமும் கலந்த காரீயமற்ற பற்றாசும் உண்டு. அது உருக 227 டிகிரி வெப்பம் வேண்டும். கையாளப் பொறுமையும் வேண்டும். ஆயினும் தம்பி தங்கையர் தவழும் வீட்டில் அதுவே தக்கது.

பற்றவைக்கும் சூட்டில் காரீயம் ஆவியாகப் பறந்து வந்து நம்மைத் தாக்குவதில்லை. கைவிரல் வழியே வாய்க்குள் செல்கிறது. எழும் புகையோ ரோசின் புகை. அது ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. ஆகவே சன்னலைத் திறந்து வைப்போம். பற்றாசுக் கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்கும் வழக்கத்தை விட்டொழிப்போம். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவிய பின்பே தின்பண்டத்தைத் தொடுவோம்.

தோழியரே! இன்று ஒட்டிக்கொண்டதெல்லாம் என்றும் நிலைப்பதில்லை. தூய இடத்தில், தக்க துணையோடு பற்றியதே நிலைக்கும்.