டோக்காயின் இனிப்பும் புளிப்பும்

ஹங்கேரி நாட்டின் வடகிழக்கு மூலையில், போட்ரோக் என்னும் ஆறு திஸா நதியோடு வந்து கலக்கும் இடத்தை ஒட்டி, பண்டை எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகிப் பொடிந்து மண்ணாகிப்போன குன்றுகளின் சரிவுகளில், டோக்காய் என்னும் பிரசித்தி பெற்ற திராட்சைப் பிரதேசம் அமைந்திருக்கிறது. 1737-ஆம் ஆண்டிலேயே அரச கட்டளையால் எல்லை வகுக்கப்பட்ட இப்பிரதேசத்தின் ஒயின், பிரெஞ்சு அரசவையிலும் ருஷ்யச் சக்கரவர்த்திகளின் விருந்து மண்டபங்களிலும் கீர்த்தி அடைந்தது. அதை வாங்கி அனுப்புவதற்கென்றே ருஷ்ய அரசு பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே தன் உத்தியோகஸ்தர்களை அமர்த்தியிருந்தது. அரசர்கள் பருகினார்கள் என்பதைவிட, அது உண்டாகும் விதமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அந்த விதத்தை அறியாமல் பரிமாறுகிறவர் அதன் சிறப்பில் பாதியைக் கெடுத்துவிடுகிறார் என்பது என் அபிப்பிராயம்.

இலையுதிர் காலத்தில் விடியற்காலைதோறும் அவ்விரு நதிகளிலிருந்தும் எழும் மூடுபனி கொடிகளின்மேல் கவிந்து, வெயில் ஏறியதும் கலைந்துபோகிறது. அந்த ஈரத்தில் போட்ரிட்டிஸ் என்ற நுண்ணிய பூஞ்சணம் பழங்களின்மேல் படர்ந்து தோலைத் துளைக்க, அத்துளைகளின் வழியே பகல் வெயிலும் காற்றும் நீரை உறிஞ்சிக்கொள்ள, பழம் சுருங்கிக் கறுத்து, சர்க்கரையும் புளிப்பும் வாசனையும் அதனுள்ளேயே செறிந்துவிடுகின்றன. ஓயாத மழை பெய்யும் இடத்தில் இதே பூஞ்சணம் விளைச்சலை அழுகச் செய்து குடியானவனைக் கண்ணீர் விட வைக்கும். பனியும் வெயிலும் மாறி மாறி வரும் இச்சரிவுகளிலோ அதுவே செல்வமாகிறது. இவ்வாறு வற்றிய பழத்தை அஸ்ஸு என்கிறார்கள். ஒரு குலையிலுள்ள பழங்கள் எல்லாம் ஒரே நாளில் வற்றுவதில்லையாதலால், பறிப்பவர்கள் அதே கொடிக்குப் பல தடவை திரும்பி வந்து, வற்றியதை மட்டும் ஒவ்வொன்றாக விரலால் கிள்ளி எடுக்க வேண்டியிருக்கிறது. பொழுது சாயும்வரை பாடுபட்டாலும் ஒருவருடைய கூடையில் எட்டு, பத்துக் கிலோவுக்கு மேல் சேர்வது அரிது.

1630-வாக்கில் துருக்கியர் படைக்கு அஞ்சி அறுவடையைத் தள்ளிப்போட்ட ஒரு பாதிரியார் தற்செயலாக இம்முறையைக் கண்டார் என்று அங்கே ஒரு கதை உண்டு. ஆனால் 1571-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றிலேயே அஸ்ஸு ஒயினைப் பற்றிய குறிப்பு இருக்கிறபடியால், வழக்கம் அவரினும் மூத்தது. பழங்களை மசித்துப் புதுச் சாற்றிலோ ஒயினிலோ ஊறவைத்து, பிழிந்து, ஓக் மரப் பீப்பாய்களில் முதிர வைக்கிறார்கள். முற்காலத்தில், 136 லிட்டர் பிடிக்கும் ஒரு பீப்பாய்க்கு, ஏறத்தாழ 25 கிலோ பழம் கொள்ளும் முதுகுக்கூடையால் எத்தனை கூடை சேர்த்தார்களோ, அந்த எண்ணிக்கையைக் கொண்டே மூன்று புட்டோன், ஆறு புட்டோன் என்று தரம் வகுத்தார்கள். இக்கால விதிப்படி லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரையேனும் இல்லாதது அஸ்ஸு ஆகாது. இவ்வளவு சர்க்கரையும் திகட்டாமல் இருப்பதற்குக் காரணம், ஃபுர்மிண்ட் என்ற திராட்சை இனத்துக்கு இயல்பாகவே உள்ள கூரிய புளிப்பு. இனிப்பைப் புளிப்பு தாங்கி நிற்கும் அந்தச் சமநிலையே இந்த மதுவின் ஜீவன். பரிமாறுகிறவர் காக்க வேண்டியதும் அதைத்தான்.

குன்றைக் குடைந்து அமைத்த குறுகலான நிலவறைகளில், பீப்பாய்களிலிருந்து எழும் மதுவின் ஆவியை உண்டு வளரும் கரிய பூஞ்சணம் சுவரெங்கும் மெத்தென்று படிந்திருக்க, வருஷம் முழுவதும் 10 முதல் 12 டிகிரி வரையிலான குளிர்ச்சி அங்கே நிலவுகிறது. அஸ்ஸுவைப் பருகுவதற்கும் ஏறக்குறைய அதே குளிர்ச்சிதான் உத்தமம். மிகையாகக் குளிர்ந்தால் மணம் அடங்கிப் புளிப்பு மட்டும் துருத்தி நிற்கும். வெதுவெதுப்பானால் இனிப்பு மேலோங்கித் திகட்டும். ஆகையால் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த புட்டியைக் கால் மணி நேரமாவது வெளியில் வைத்த பிறகே ஊற்ற வேண்டும். வாய் சற்றுக் குவிந்த சிறு கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு போதும். பாதாமி என்னும் ஆப்ரிகாட் பழத்தையும் ஆரஞ்சுத் தோலையும் நினைவூட்டும் அதன் வாசனை, கோப்பையில் எஞ்சிய வெற்றிடத்தில் அல்லவா வந்து தங்குகிறது? அரை லிட்டர் புட்டி எட்டுப் பேருக்குத் தாராளம்.

இனிப்பு ஒயினுக்கு இனிப்புப் பலகாரமே துணை என்று எண்ணிப் பலர் சாக்லேட் கேக்கை முன்னே வைத்துவிடுகிறார்கள். மதுவைவிட அதிக இனிப்பான பண்டத்தை உண்டபின் பருகினால் மதுவின் இனிப்பு மறைந்து புளிப்பே மிஞ்சும். அந்தச் சேர்க்கையை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். உப்புக் கரிக்கும் நீலப் பாலாடைக்கட்டி, குறிப்பாகப் பிரான்ஸின் ரோக்ஃபோர், இதற்கு மிகவும் இசைந்தது. ஹங்கேரியர் வாத்தின் ஈரலோடும் பருகுகிறார்கள். இனிப்பில்லாத ஃபுர்மிண்ட் ஒயினை மீனோடும் கோழியோடும் உணவின் நடுவிலேயே பரிமாறலாம்.

எஸென்ஸியா என்பது தனி ஜாதி. குவித்து வைத்த அஸ்ஸுப் பழங்கள் தம் பாரத்தாலேயே கசியவிடும் சாறு அது. லிட்டருக்கு 450 கிராமுக்கும் மேலாகச் சர்க்கரை கொண்டு, தேனைப் போல் மெல்ல வழியும் அச்சாறு, வருஷக்கணக்கில் நொதித்தாலும் பெரும்பாலும் நான்கைந்து சதவீத மதுவைக்கூட எட்டுவதில்லை. அதைக் கோப்பையில் ஊற்றாமல் ஸ்படிகக் கரண்டியில் கொடுப்பதே அவ்வூர் மரபு. அஸ்ஸுவில் மீந்ததைக் கொட்ட வேண்டியதே இல்லை. தக்கையை இறுக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால், சர்க்கரையும் புளிப்பும் காவலிருக்க, சில வாரங்கள் வரை அது குணம் கெடாமல் இருக்கும்.