சயரோகமும் பரம்பரையும்

“அவ்வீட்டிற் சயரோகம் உண்டு; அங்கே சம்பந்தம் வேண்டாம்” என்று, பேசி முற்றாக்கிய விவாகங்கள் குலைவதை யான் பிறந்த திரியாயிலும் கண்டிருக்கிறேன். இப்பழிச்சொல்லுக்கு அஞ்சி இருமலை மறைத்து, வைத்தியத்தைப் பிற்போட்டு மாண்டாரும் உளர். ஆதலின், இந்நோய் பரம்பரையானதுதானா என ஆராய்தல் நம் கடனாகும்.

நோய் பரம்பரையாக வருவதன்று. கிருமியொன்றே அதற்குக் காரணம் என 1882ஆம் ஆண்டில் றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் நிறுவினார். நோயாளி இருமுங்கால் அக்கிருமி காற்றிற் கலந்து பிறர் சுவாசப்பையை அடைகிறது. ஆயினும், கிருமி புகுந்தார் அனைவரும் நோயுறுவதில்லை; 100 பேரில் 5 முதல் 10 பேரே தம் வாழ்நாளில் நோய்வாய்ப்படுவர். ஏனையோரைக் காப்பது யாது?

நல்லுணவும் வயதும் நீரிழிவு இன்மையும் ஒருபுறம் துணைசெய்வன. மறுபுறம், பெற்றோர்வழி வரும் பரம்பரையலகுகளும் துணைசெய்கின்றன. இரட்டையரை ஆராய்ந்தோர், ஒருவர் நோயுற்றால் மற்றவரும் நோயுறுதல், உருவொத்த இரட்டையரிடையே மிகுதி எனக் கண்டனர். குருதியிலுள்ள காவற்கலங்கள் கிருமியை விழுங்கும். அதனைக் கொல்லுமாறு அவற்றை ஏவுவது ‘இன்ரபெரோன் காமா’ என்னும் பொருள். அவ்வேவலை ஏற்கும் உறுப்புப் பிறவியிலேயே பழுதுற்ற குழந்தைகள் சிலரை 1996இல் ஆய்வாளர் கண்டனர். வலுக்குறைத்த பி.சி.ஜி. தடுப்புமருந்துக் கிருமிதானும் இத்தகையோர்க்குக் கொடுநோய் விளைக்கவல்லது. இத்தகைய பழுது மிக அரிது.

நம்மவரிடையே நிகழ்ந்த ஆய்வும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ‘டி.ஆர்.2’ என்னும் பரம்பரை அடையாளம் தென்னிந்தியச் சயரோகிகளிடம் மிகுந்திருத்தல் புலனாயிற்று. எனினும், அவ்வடையாளம் உடையார் எல்லாரும் நோயுறுவாரல்லர்; இல்லார் எல்லாரும் தப்புவாருமல்லர்.

எனவே, பரம்பரையாக வருவது கேடயத்தின் வலிமையேயன்றி நோயன்று. கேடயம் மெலிந்தார்க்கும் மருந்து உண்டு. சென்னையில் நடந்து 1959இல் வெளிவந்த ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்டோரும் ஆரோக்கியசாலையில் இருந்தோரைப் போலவே குணமடைந்தனர் என்று காட்டிற்று; அதனால் வீட்டாருக்குத் தொற்று மிகவில்லை என்பதும் புலனாயிற்று. இன்று பெரும்பாலும் ஆறு மாத மருந்தில் நோய் தீர்கிறது. நம் நாட்டு அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் அது இலவசம்.

அன்பர்களே, இனிச் சம்பந்தம் பேசுமிடத்துக் குலத்தை வினவாதீர்கள். இரண்டு வாரம் கடந்த இருமலுக்குச் சளி சோதித்தனரா, தொடங்கிய மருந்தை முடித்தனரா என்பதையே வினவுங்கள்.