லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களின் புனரமைப்பு

பி-24 லிபரேட்டர் என்பது இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் பயன்படுத்திய, நான்கு எஞ்சின்கள் கொண்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஆகும். 18,000-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் கட்டப்பட்டன. வேறு எந்தக் குண்டுவீச்சு விமானமும் இத்தனை எண்ணிக்கையில் கட்டப்பட்டதில்லை. ஆயினும் இன்று முழு உருவில் எஞ்சியிருப்பவை இருபதுக்கும் குறைவு. அவற்றுள் பல, இந்திய விமானப்படையில் 1968 வரை பறந்தவை. எஞ்சியவற்றுள் சிலவற்றைத் தன்னார்வலர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டிப் புனரமைத்து, போரில் இறந்த விமானப் படையினரின் நினைவுச் சின்னங்களாகப் பேணி வருகின்றனர்.

தெற்காசியாவில் லிபரேட்டர்

லிபரேட்டரின் சிறப்பு அதன் நீண்ட பறப்புத் தொலைவு. அதனால் இந்தியப் பெருங்கடல் பகுதியில் பிரித்தானிய அரச விமானப்படை இதனைப் பெரிதும் நம்பியிருந்தது. இலங்கையில் காங்கேசன்துறை, சிகிரியா, மின்னேரியா ஆகிய தளங்களிலிருந்து 160-ஆம் படையணியின் லிபரேட்டர்கள் இயங்கின. கடல் கண்காணிப்பு, ஜப்பானியர் வசமிருந்த துறைமுகங்களின் அருகே கடற்கண்ணிகளை இடுதல் ஆகியவை இப்படையணியின் பணிகள். அன்றைய காங்கேசன்துறைத் தளமே இன்றைய பலாலி விமான நிலையம்.

கான்பூரில் கிடந்த விமானங்கள்

போர் முடிந்தபோது, பிரித்தானியாவிடம் இருந்த லிபரேட்டர்கள் கடன்-குத்தகைத் திட்டத்தின்கீழ் அமெரிக்கா தந்தவையாக இருந்தன. போருக்குப் பின் அவற்றைத் திருப்பித் தர வேண்டும். இல்லையேல் பயன்படாதபடி அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதன்படி கான்பூரில் நிறுத்தப்பட்டிருந்த விமானங்கள் வேண்டுமென்றே சேதப்படுத்தப்பட்டுக் கைவிடப்பட்டன.

1948-இல் இந்திய விமானப்படைக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் தேவைப்பட்டன. கான்பூரில் கிடந்தவற்றைச் சரிசெய்யும் பொறுப்பு பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பணியாளர்கள் ஒன்றில் கெட்டுப்போன பாகத்துக்கு மற்றொன்றிலிருந்து கழற்றிப் பொருத்தி, விமானங்களை ஒருமுறை பறக்கக்கூடிய அளவுக்குத் தேற்றினர். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைச் சுமார் 1,500 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுமையான பழுதுபார்ப்பு நடந்தது. இவ்வாறு நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் மீண்டும் பணிக்கு வந்தன. 1948 நவம்பரில் இவற்றைக் கொண்டு 5-ஆம் படையணி அமைக்கப்பட்டது. பின்னர் 6-ஆம் படையணி இவற்றைக் கடல் கண்காணிப்புக்குப் பயன்படுத்தியது.

அமெரிக்காவில் போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே லிபரேட்டர்கள் உருக்கப்பட்டு அலுமினியமாகிவிட்டன. நினைவுச் சின்னம் அமைக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு எழுந்த காலத்தில், முழு விமானங்கள் பெரும்பாலும் இந்தியாவில்தான் மிஞ்சியிருந்தன. 1968-இல் ஓய்வு பெற்றவற்றுள் ஒன்று கனடாவின் ஒட்டாவா அருங்காட்சியகத்துக்கும், ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள பீமா அருங்காட்சியகத்துக்கும் சென்றன. 1974-இல் ஒன்று லண்டனிலுள்ள அரச விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அளிக்கப்பட்டது. தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்திலும் ஒரு லிபரேட்டர் உள்ளது.

காலிங்ஸ் அறக்கட்டளையின் விமானம்

1944-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்தில் கட்டப்பட்ட ஒரு லிபரேட்டர், இந்தியப் பணிக்குப் பின் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1981-இல் பிரித்தானியச் சேகரிப்பாளர் ஒருவர் அதனை வாங்கி, பிரித்தெடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். 1984-இல் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை அதனை வாங்கியது.

ஓரிடத்தில் நிறுத்திக் காட்சிப்படுத்துவதே அறக்கட்டளையின் முதல் எண்ணம். லிபரேட்டரில் பணியாற்றிய முன்னாள் படைவீரர்கள் அதனை மாற்றினர். நின்றிருக்கும் விமானத்தை ஆண்டுக்குச் சில ஆயிரம் பேரே பார்ப்பர். நாடு முழுவதும் பறந்து சென்றால் இலட்சக்கணக்கானோர் பார்ப்பர் என்பது அவர்கள் வாதம். பறக்கும் நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 97,000 மணிநேர உழைப்பு தேவைப்பட்டது. விமானம் 1989-இல் மீண்டும் பறந்தது. அதன்பின் ஊர் ஊராகச் சென்றது. பார்வையாளர் கட்டணமும், அதில் ஏறிப் பறப்பதற்கு மக்கள் தந்த தொகையும் பராமரிப்புச் செலவுக்கு உதவின.

வெரிபீ தன்னார்வலர்கள்

ஆஸ்திரேலிய விமானப்படை 287 லிபரேட்டர்களைப் பயன்படுத்தியது. போருக்குப் பின் அவை பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டன. தம் தோழர்களுக்கு நினைவுச் சின்னமாக ஒன்றேனும் வேண்டும் என்று விரும்பிய முன்னாள் படைவீரர்களும் ஆர்வலர்களும் 1980-களின் இறுதியில் ஒன்றுகூடினர். அவர்களிடம் அப்போது விமானமே இல்லை.

ஏ72-176 என்ற எண்ணுடைய லிபரேட்டரின் உடற்பகுதி விக்டோரியா மாநிலத்தின் மோ என்னும் ஊரில் தனியார் ஒருவரிடம் பல பத்தாண்டுகளாக இருந்தது. 1995-இல் குழுவினர் அதனைப் பெற்றனர். இறக்கைகள் பப்புவா நியூ கினியில் விழுந்து கிடந்த மற்றொரு லிபரேட்டரிலிருந்து மீட்கப்பட்டன. மெல்பேர்னுக்கு அருகிலுள்ள வெரிபீயில், போர்க்கால விமானக் கொட்டகை ஒன்றில் இவை ஒன்றிணைக்கப்பட்டன. நன்கொடை, உறுப்பினர் சந்தா, பார்வையாளர் கட்டணம் ஆகியவற்றைக் கொண்டு பணி நடைபெறுகிறது. எஞ்சின்கள் இயங்கும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டுள்ளன. இவ்விமானத்தைப் பறக்கவிடுவது குழுவினரின் நோக்கமன்று.

பறப்பதா, நிற்பதா?

பறக்கும் விமானம் மக்களைத் தேடிச் செல்கிறது. அதனால் நிதியும் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு பறப்பும் பழைய பாகங்களைத் தேய்க்கிறது. உயிருக்கும் ஆபத்து உண்டு. 2019 அக்டோபர் 2 அன்று, காலிங்ஸ் அறக்கட்டளையின் மற்றொரு போர்க்கால விமானமான பி-17, கனெக்டிகட் மாநிலத்தின் பிராட்லி விமான நிலையத்தில் விபத்துக்குள்ளாகி ஏழு பேர் இறந்தனர். 2020 மார்ச்சில், கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றிச் செல்ல அறக்கட்டளைக்கு இருந்த அனுமதியை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் நீக்கியது. மாறாக, நிறுத்தி வைக்கப்பட்ட விமானம் பாதுகாப்பானது, செலவும் குறைவு. ஆனால் அதற்கான நிதி, மக்கள் அதனைத் தேடி வருவதைப் பொறுத்தது.

எது அசல் என்ற கேள்வியும் உண்டு. வெரிபீ விமானத்தின் உடலும் இறக்கையும் வெவ்வேறு விமானங்களுக்கு உரியவை. ஆனால் போர்க்காலத்திலேயே சேதமடைந்த ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருத்தப்படுவது வழக்கம். கான்பூரில் நடந்ததும் அதுவே. மேலும் இந்நினைவுச் சின்னம் ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கு எழுப்பப்பட்டதன்று. ஒவ்வொரு பயணத்திலும் லிபரேட்டரில் ஏறிச் சென்ற ஏறத்தாழ பத்துப் பேர் கொண்ட குழுக்களுக்கு உரியது. அவர்களுள் பலர் கடலிலும் காட்டிலும் விழுந்து இறந்தனர். கல்லறை இல்லாதவர்களும் உண்டு. அத்தகையோரின் குடும்பத்தினர் அருகில் சென்று தொட்டுப் பார்க்கக்கூடியதாக இன்று எஞ்சியிருப்பவை இவ்விமானங்களே.