உங்களுக்குத் தெரியுமா? பூனை நனைத்த தரை

பூனை தரையில் சிறுநீர் கழித்த அன்று அவ்வளவாக உறைக்காத நாற்றம், இரண்டு நாள் கழித்து மூக்கைத் துளைக்கும்படி எழுவதற்குக் காரணம், அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்னும் நொதியைக் கொண்டு அம்மோனியாவாகச் சிதைப்பதே. அந்த நொதியை வாளவரை இனத்து விதைமாவிலிருந்து 1926-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்த ஜேம்ஸ் சம்னர், 1946-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். பூனை இனத்துக்கே உரிய, கந்தகம் கலந்த ஃபெலினைன் என்னும் பொருளும் உடன் சிதைந்து அந்தத் துர்க்கந்தத்தை உக்கிரமாக்குகிறது.

தரையை எத்தனை தடவை நீர்விட்டு அலம்பினாலும், ஓடுகளின் இடுக்கிலுள்ள சிமெண்டுச் சாந்தில் தங்கிவிட்ட சிறுநீரின் எச்சம் எளிதில் நீங்குவதில்லையாதலால், மழைக்காலத்து ஈரக்காற்றுப் பட்டதும் வாடை மீண்டும் தலைதூக்கும். ஆகவே ஈரத்தைப் பழந்துணியால் ஒற்றியெடுத்து, நொதி கலந்த துப்புரவுத் திரவத்தை அந்த இடுக்குகளில் நன்கு ஊறவிட்டு, தானாக உலரவிடுவதே உசிதம். பளிங்குத் தரையில் வினிகரோ எலுமிச்சையோ படலாகாது. அமிலம் கல்லை அரித்து, மெருகைப் போக்கி வெண்திட்டாக்கிவிடும். பிளீச்சிங் பவுடரை மட்டும் அவ்விடத்தில் தூவவே வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: அம்மோனியாவோடு அது சேர்ந்தால் எழும் குளோரமைன் வாயு, தரையில் தவழும் குழந்தையின் மூச்சுக்கும் அந்தப் பூனையின் மூச்சுக்கும் கேடு.