அறுகம்பையில் நாலு ரூம் போட எவ்வளவு முடியும்?

பெருநாள் முடிந்த மறுகிழமை உறவினர் ஒருவர் மேசன் பாஸ் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுத் தாளோடு வீட்டுக்கு வந்தார். பதினொரு வருடம் கட்டாரில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். பொத்துவிலில் இருக்கும் காணியில் நாலு அறைகள் கட்டி, அறுகம்பைக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதுதான் திட்டம். "சீமெந்து, கம்பி, டைல் எல்லாம் சேர்த்துத்தான் போட்டிருக்கு காக்கா, இதுக்கு மேல என்ன செலவு?" என்று கேட்டார்.

அந்தக் காணி மூத்த மகளுக்கென்று ஒதுக்கியது. கிழக்கில் நம்மவர்களிடையே பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. சரியோ பிழையோ, அதுதான் இன்றுவரை நடைமுறை. ஆகவே அவர் அந்தத் தாளில் எழுதி வந்தது தன்னுடைய வியாபாரக் கணக்கை மட்டுமல்ல.

மேசன் பாஸின் தாள் கூரையோடு முடிந்துவிடும். விருந்தினர் கேட்பது கூரைக்குக் கீழே இருப்பதை. கட்டிலுக்கு நல்ல மெத்தை வேண்டும். ஊர்ச் சந்தையில் வாங்கும் மலிவான ஸ்பொஞ்ச் மெத்தை ஒரு சீசனிலேயே குழி விழும், அதை அடுத்த விருந்தினர் படத்தோடு இணையத்தில் எழுதிவிடுவார். பெட்ஷீட் ஒரு கட்டிலுக்கு மூன்று சோடி தேவை. கட்டிலில் ஒன்று, கழுவலில் ஒன்று, அலுமாரியில் ஒன்று. நாலு அறைக்குப் பன்னிரண்டு சோடி. இருவர் தங்கும் அறை என்றால் துவாய் மட்டும் இருபத்து நாலு. உப்புத் தண்ணீரும் மணலும் சன்ஸ்கிரீன் எண்ணெயும் பட்டு வெள்ளைத் துவாய் எத்தனை மாதம் வெள்ளையாக இருக்கும் என்பதைத் தொழிலில் உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நுளம்பு வலை, மின்விசிறி, வைஃபை, சேர்ஃப் பலகை வைக்க மரச்சட்டம், வெளியே மணல் கழுவ ஒரு ஷவர் என்று பட்டியல் நீளும். இதில் ஒன்றும் மதிப்பீட்டில் இல்லை.

அடுத்தது தண்ணீர். நாலு பேர் குடும்பத்துக்குப் போட்ட மோட்டாரும் தாங்கியும் எட்டு விருந்தினருக்குப் போதாது, கடலில் நின்று வருபவர் நாளைக்கு மூன்று தடவை குளிப்பார். கரையோரக் கிணறு உவர்த்தால் குழாய்த் தண்ணீரையே நம்ப வேண்டும். மலசலகூடக் குழியும் அப்படியே. வீட்டு அளவுக்கு வெட்டிய குழி ஓகஸ்டில், எல்லா அறையும் நிரம்பியிருக்கும் நேரத்தில் பார்த்துத்தான் நிரம்பும்.

ஏசி போடுவதா இல்லையா என்பதற்குத் தனிக் கணக்கு வேண்டும். 12,000 பிடியூ சாதாரண ஏசி ஓர் இரவுக்கு 6, 7 அலகு இழுக்கும். மாதம் முழுக்க ஓடினால் ஓர் அறைக்கே 200 அலகை எட்டும். வீட்டு மீட்டரில் அலகு கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும். இன்வர்ட்டர் ஏசி வாங்கும்போது விலை அதிகம், பில்லில் அது திரும்பி வரும். ஆனால் கடற்காற்றின் உப்பு எந்த ஏசியின் வெளி அலகையும் விட்டுவைப்பதில்லை. துருப்பிடித்தபின் மாற்றுவதற்கும் இப்போதே ஒரு தொகையை மனதில் வைக்க வேண்டும்.

இனி கடதாசி வேலை. கடல் நீர்மட்டக் கோட்டிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை, பிரதேச சபையின் கட்டட அனுமதி வேறு. உறுதி தெளிவில்லாத காணிகள் நமது பகுதியில் எத்தனை என்பது வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட காணியில் ஒரு கல் வைப்பதற்கு முன் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணம்தான் முதல் செலவு. அதன் பிறகு சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு. பதிவு செய்த இடங்கள் மொத்த வருமானத்தில் 1 வீதம் சுற்றுலா அபிவிருத்தி வரி கட்ட வேண்டும். இலாபத்தில் அல்ல, வருமானத்தில். இதைக் கேட்டுப் பதிவே வேண்டாம் என்று ஒதுங்குபவர்கள் உண்டு. பிரச்சினை ஒன்று வந்தால் பொலிஸுக்கும் வங்கிக்கும் காட்ட அவர்களிடம் எதுவும் இருக்காது.

வருமானத்தை நானும் அவரும் ஒரு கொப்பியில் போட்டுப் பார்த்தோம். அறுகம்பையின் சீசன் ஏப்ரல் நடுவிலிருந்து ஒக்டோபர் நடுவரை, சுமார் 180 இரவுகள். அதில் 60 வீதம் நிரம்பும் என்று வைத்தால் 108 இரவுகள். ஓர் இரவு 8,000 ரூபா என்றால் நாலு அறைக்கும் 34 இலட்சத்து 56 ஆயிரம். இணையத் தளம் வழியாக வரும் விருந்தினருக்கு 15 வீதம் தரகு போனால் 5 இலட்சத்துக்கு மேல் அங்கேயே கழியும். மிச்சம் 29 இலட்சத்துச் சொச்சம். "பரவாயில்லையே" என்றார். அதைப் பன்னிரண்டால் பிரிக்கச் சொன்னேன். மாதம் இரண்டு இலட்சத்து நாற்பத்தையாயிரம் கூட வரவில்லை. கரண்ட் பில், துப்புரவுக்கு வரும் பெண்ணின் சம்பளம், சலவை, வைஃபை, பழுது எல்லாம் இதற்குள்தான். நவம்பரில் வாடை மழை தொடங்கினால் ஏப்ரல் வரை வருபவர் சிலர்தான். கட்டடம் மட்டும் நனைந்து கொண்டே இருக்கும், பூஞ்சணம் பிடித்த சுவருக்கு மார்ச்சில் மறுபடி பெயின்ற் அடிக்க வேண்டும்.

இதுவும் நல்ல வருடத்துக் கணக்கு. 2004இல் சுனாமி, 2019இல் ஈஸ்டர் தாக்குதல், 2020இல் விமான நிலையம் பூட்டு, 2022இல் பெற்றோல் வரிசை. 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்பைக்குப் போக வேண்டாமென்று எச்சரித்தது. இவற்றில் எதுவும் நம் கையில் இருந்ததல்ல. கையில் இருப்பது, வெறும் வருடம் ஒன்று வந்தால் தாக்குப்பிடிக்க எவ்வளவு ஒதுக்கி வைக்கிறோம் என்பதுதான். ஒரு வருடச் செலவாவது தனியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கடன் எடுத்தவருக்கு இது இன்னும் அவசியம். வட்டி வங்கியானாலும் இஸ்லாமிய வங்கிப் பிரிவானாலும் தவணைத் திகதி டிசம்பரிலும் வரும். மனைவியின் நகையை அடகு வைத்து மெத்தை வாங்கிய கதைகளை நான் ஊரில் கேட்டிருக்கிறேன், நகை மீண்ட கதைகள் அந்த அளவுக்கு இல்லை.

அவர் திட்டத்தைக் கைவிடவில்லை, கைவிடச் சொல்லவும் நான் விரும்பவில்லை. நம் ஊர்க் கடற்கரையில் வெளியூர் முதலாளிகள் மட்டும் ஹோட்டல் கட்டி, நம் பிள்ளைகள் அங்கே துவாய் மடிக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? ஆனால் தாள் மாறிவிட்டது. முதலில் மகளின் வீடு. அதன் பக்கத்தில், தனி வாசலும் தனிக் குழியும் வைத்து, இரண்டு அறைகள், மின்விசிறியோடு. ஒரு சீசன் பார்த்துவிட்டு மற்ற இரண்டும் ஏசியும். மேசன் பாஸுக்குத்தான் இதில் திருப்தியில்லை, நாலு அறைக்கும் சேர்த்து அத்திவாரத்தையாவது இப்போதே போட்டுவிடுங்கள் என்று இன்னும் கோல் எடுத்துக்கொண்டிருக்கிறாராம்.